ஏழரை லட்சமும் எட்டு லட்சமும்

அண்ணே, வணக்கம்.

போன வாரம் உங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் பேசிக்கொண்டிருந்தபோது லோடு வண்டி வந்துவிட்டது, பேச்சு பாதியில் நின்றது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன். அண்ணியிடமும் படித்துக் காட்டுங்கள். கடன் பத்திரத்தில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டி வரலாம்.

உங்கள் மகள் பாப்பாவை இன்ஜினியரிங்கில் எங்கே சேர்ப்பது என்பதுதான் பேச்சு. "கோயம்புத்தூர் காலேஜ் நல்லதா, காரைக்குடி கவர்ன்மென்ட் காலேஜ் நல்லதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்" என்றீர்கள். ஆத்தங்குடிக் கல் நல்லதா, கம்பெனி டைல்ஸ் நல்லதா என்று யாராவது கேட்டால் நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்வீர்களா? எந்த வீட்டுக்கு, எத்தனை நாளில் வேணும் என்றுதான் கேட்பீர்கள். அன்றைக்கு என் எதிரிலேயே ஒரு போன் வந்தது. சென்னைக்காரர், 800 கல், ஒரே வாரத்தில் வேண்டுமாம். அச்சில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்த பையன்கூட நிமிர்ந்து பார்த்தான். நீங்கள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "தண்ணியில கிடக்க வேண்டிய நாள் கிடக்கணும், அவசரமா எடுத்தா நம்ம பேரு போயிரும்" என்று ஆர்டரை விட்டுவிட்டீர்கள். என்ன போகிறது, எதற்காகப் போகிறது, இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. பாப்பா விஷயத்தில் மட்டும் எதுவும் போகாமல் எல்லாம் வரவேண்டும் என்கிறீர்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

முதலில் கடன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம் என்றீர்கள். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அதைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் வேண்டும். உங்களிடம் இருக்கும் சொத்துப் பத்திரம் பட்டறை மனைக்கு உரியது மட்டும்தான். அதாவது அந்தக் கடைசி ஐம்பதாயிரத்துக்காகப் பட்டறையை எழுதி வைக்கப்போகிறீர்கள். ஏழரையைத் தாண்டினால்தான் ஏழரை பிடிக்கிறது.

சரி, ஏழு லட்சத்தோடு நிறுத்துகிறோம் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,75,000 வீதம் வாங்கி, வட்டி பத்து சதவீதம் என்று போட்டுப் பார்த்தேன். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் தவணையைக் கட்டுகிற அன்றைக்குக் கணக்கில் சுமார் 9,45,000 நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 12,500 ரூபாய். பாப்பாவுக்குத் தொடக்கச் சம்பளம் 25,000 கையில் வந்தால் பாதி அதற்கே போய்விடும், ஏறக்குறைய முப்பத்து மூன்று வயது வரை. இடையில் கல்யாணம் வரும், அவளே மேலே படிக்க ஆசைப்படுவாள், பிடிக்காத வேலையை விட நினைப்பாள். ஒவ்வொரு முறையும் அந்த 12,500 குறுக்கே நிற்கும்.

காரைக்குடியில் ட்ரிபிள் ஈ, அதாவது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங், கிடைத்தால் கடனே இல்லாமல் முடிக்கலாம். ஆனால் அங்கேயும் போவது உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் குறைவாக இருக்கலாம், லேப் நீங்கள் போட்டோவில் பார்த்த மாதிரி பளபளவென்று இருக்காது. நேரில் போய்க் கேளுங்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்கிறார்களே, அவர்களிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்தார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முன்பு ஒரு பையனுக்கு அந்த நோட்டீஸை நம்பி நானே சிபாரிசு செய்தேன். இன்றும் அவன் அப்பா எதிரே வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

என் சாய்வு காரைக்குடிப் பக்கம்தான், மறைக்கவில்லை. இப்போது வெளியூர் போகாவிட்டால் நான்கு வருடம் கழித்துப் போகலாம். இப்போது வாங்கிய கடனை நான்கு வருடம் கழித்து வாங்காததாக ஆக்க முடியாது. எம்.டெக் சேர்வதற்கான கேட் (GATE) தேர்வில் நல்ல மார்க் எடுத்துச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அங்கே மாதாமாதம் கட்டுவதும் இங்கே மாதாமாதம் வாங்குவதும் கிட்டத்தட்ட ஒரே தொகை! கேட் சுலபம் என்று சொல்லவில்லை, அதுவும் உழைப்புத்தான்.

இன்னொன்று. அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகப் பாப்பா உள்ளூரிலேயே இருக்கட்டும் என்று அண்ணி நினைத்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் ஒரு காலத்தில் பையன்களை வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்காரவைக்க ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேற்றினார்கள். வட்டி, சம்பளம், செலவு எல்லாம் பேரேட்டில் ஏறியது. வருடக்கணக்காக அந்தப் பெரிய வீடுகளை ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்ட ஆச்சிகளின் தனிமை எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படி எழுதாத வரி ஒன்று இருக்கிறது, அது பாப்பா பேரில் இருக்கிறது.

இனி பாப்பாவின் தம்பியைப் பற்றி. நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எட்டாவது முடிக்கிறான், ஒன்பதாவதுக்குக் காரைக்குடியில் மெட்ரிக் பள்ளியில் போடப் போகிறேன் என்றீர்கள். பாப்பாவைப் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, பதினொன்றாவதுக்கு மாற்றினீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் தனியார் கல்லூரியாக இருந்தாலும் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவி வேறு. அந்தக் கடைசி இரண்டு வருடத்துக்காகப் பாப்பா இதையெல்லாம் இழந்தாள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, அந்த நேரத்தில் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தம்பிக்கு இப்போது நான் சொல்கிறேன்.

"நம்ம பிள்ளை மட்டும் இளக்காரமா, இதென்ன நியாயம்" என்று அன்று கோபப்பட்டீர்கள். இருக்கிற இடம் ஒன்றுதான், ஒருவருக்கு ஒதுக்கினால் இன்னொருவருக்குக் குறையும். மருத்துவ இடங்களுக்கு நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீதம் கொடுக்கச் சொன்னது, அரசு ஏழரையில் நிறுத்தியது. அந்த இரண்டரையை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இன்றுவரை சண்டை போடலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கோட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொன்று இன்னும் இந்தப் பக்கம். தம்பியை மாற்றினால் இங்கிலீஷ் கொஞ்சம் சரளமாக வரும், ஷூவும் டையும் வரும். போவது அந்த ஒதுக்கீடும் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் மாத உதவியும். மெட்ரிக் ஃபீஸில் கால் பங்கைச் சாயந்திர இங்கிலீஷ் டியூஷனுக்குக் கொடுங்கள், மிச்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டு வையுங்கள்.

பொறியியல் கலந்தாய்வுப் பட்டியலில் கோயம்புத்தூரையும் போடலாம், காரைக்குடியையும் போடலாம், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கட்-ஆஃப் வருமா வராதா என்று பயந்து வரிசையைக் கலைக்காதீர்கள். எது மேலே வேண்டுமோ அதை மேலே போடுங்கள், அது கிடைக்காவிட்டால் அடுத்ததைத் தானாகப் பார்ப்பார்கள். முதல் வரியில் எந்தக் கல்லூரி என்பதை மட்டும் வீட்டில் முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸில் இருப்பேன். பாப்பாவையும் கூட்டி வாருங்கள். அன்று பட்டறை வாசலில் நின்றபடி, "ட்ரிபிள் ஈ எனக்குப் பிடிக்கும் சார், ஆனா ஹாஸ்டல்ல இருந்து பாக்கணும்" என்று மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். உங்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. காரைக்குடியிலேயே ஹாஸ்டலில் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைக்கிறேன். வந்ததும் ஒரு பத்து நிமிஷம் அவளை என்னிடம் தனியாகப் பேச விடுங்கள், நீங்களும் அண்ணியும் எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு வரலாம்.