ஒரு நிறுவனத்தின் முதல் டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

டேஷ்போர்டு கேட்பார்கள். கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரே ஒரு தொகையைப் பிடியுங்கள்: போன மாத விற்பனை எவ்வளவு?

சேல்ஸ் டீம் ஒன்று சொல்லும், அக்கவுன்ட்ஸ் வேறொன்று சொல்லும், டேட்டாபேஸ் மூன்றாவதாக ஒன்று காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஆர்டர் தேதியை வைத்துக் கூட்டுகிறார், மற்றவர் இன்வாய்ஸ் தேதியை. ஒருவர் கணக்கில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். 18% வரி என்றால் 1,00,000 ரூபாய்ச் சரக்கு 1,18,000 ஆகிவிடும். திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்த கிரெடிட் நோட்டைக் கழிக்க மறந்தவர்களும் உண்டு.

கணக்கு சாஃப்ட்வேரான டேலியின் சேல்ஸ் ரெஜிஸ்டரை வாங்கி, டேட்டாபேஸில் உங்கள் எஸ்க்யூஎல் குவெரி தரும் தொகையோடு நாள்வாரியாக ஒப்பிடுங்கள். இடிக்கிற நாளின் பில்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ஐ வைத்துச் சரிபார்ப்பதானால் ஒரு எச்சரிக்கை: வேறு மாநிலக் கிளைக்கு அனுப்பிய சரக்கும் அதில் இருக்கும். அது விற்பனை அல்ல.

பெரும்பாலும் மாட்டுவது இவைதான். டேட்டாபேஸ் யூடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) ஓடினால், நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் விழும். 1ஆம் தேதி என்றால் முந்தைய மாதத்திலேயே. ஆர்டர் டேபிளோடு பேமென்ட் டேபிளை அப்படியே ஜாயின் செய்தால் (இணைத்தால்), இரண்டு தவணையாகப் பணம் கட்டிய ஆர்டரின் தொகை இரண்டு முறை கூடும். பேமென்ட்டை முதலில் ஆர்டர்வாரியாகக் கூட்டிவிட்டுப் பிறகு ஜாயின் செய்யுங்கள். ஒரே மாதிரி வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுச் சமாளித்தால், உண்மையிலேயே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வரிகளில் ஒன்று காணாமல் போகும்.

சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறக்கவே கூடாது. 00457 என்ற ஐட்டம் கோடு 457 ஆகும். கம்ப்யூட்டர் அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் 03-04-2025 மார்ச் 4 ஆகிவிடும். 13ஆம் தேதி முதல் வெறும் எழுத்தாக நிற்கும். பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கோவிட் பாசிட்டிவ் முடிவுகள் கணக்கில் வராமல் விடுபட்டது இந்த வரம்பால்தான். சிஎஸ்வியை எக்செல்லின் டேட்டா டேப்பில் போய் இம்போர்ட் செய்து, ஐட்டம் கோடு இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

டேட்டாபேஸ் அனுமதி கேட்கும்போது ரீட்-ஒன்லி யூசர் மட்டும் கேளுங்கள், முடிந்தால் ரெப்ளிகாவில் (டேட்டாபேஸின் நகலில்). பில்லிங் ஓடும் சர்வரில் மாதக் கடைசியன்று கனமான குவெரி ஓட்டி பில் கவுன்ட்டரை நிறுத்திவிட்டால், அடுத்த அனுமதி எளிதில் கிடைக்காது.