விண்டோ போய்விட்டது, புரோகிராம் போகவில்லை

கேள்வி: ஜாவா ஸ்விங்கில் (விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் லைப்ரரி) ஒரு சின்னக் கடைக்கணக்கு புரோகிராம் எழுதினேன். எக்ஸ் பட்டனை அழுத்தினால் விண்டோ மறைகிறது. ஆனால் கமாண்ட் பிராம்ப்ட் திரும்ப வருவதில்லை. டாஸ்க் மேனேஜரில் 'ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி' என்று ஐந்து வரிகள் நிற்கின்றன. எங்கே தவறு?

பதில்: தவறாக எதுவும் எழுதவில்லை, ஒரு வரி எழுத விட்டுவிட்டீர்கள். நாமாக எதுவும் சொல்லாவிட்டால், ஜேஃப்ரேம், அதாவது ஸ்விங்கின் விண்டோ, எக்ஸை அழுத்தியதும் விண்டோவை ஒளித்துவைப்பதோடு சரி. ஹைட்-ஆன்-குளோஸ் என்பதுதான் அதன் டிஃபால்ட். ஐந்து முறை ஓட்டியிருக்கிறீர்கள், ஐந்தும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. (ஸ்விங்குக்கு முந்தைய ஏடபிள்யூடி லைப்ரரியின் ஃப்ரேம் இன்னும் மோசம். எக்ஸை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது.)

செட்-விசிபிள் வரிக்கு மேலே, செட்-டிஃபால்ட்-குளோஸ்-ஆப்பரேஷன் மெத்தடுக்கு எக்ஸிட்-ஆன்-குளோஸ் என்று கொடுங்கள். கால்குலேட்டர் மாதிரியான புரோகிராம் என்றால் இதோடு முடிந்தது.

உங்களுடையது கணக்குப் புரோகிராம் ஆயிற்றே, அங்கேதான் எனக்குத் தயக்கம். எக்ஸிட்-ஆன்-குளோஸ் உள்ளுக்குள் சிஸ்டம் எக்ஸிட்டை அழைக்கிறது. அந்த நேரம் வேறொரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தால் எழுத்து பாதியிலேயே அறுந்துபோகும். அதன் ஃபைனலி பிளாக் (கடைசியில் கட்டாயம் ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் பகுதி) ஓடும் என்றும் நம்ப வேண்டாம்.

அதனால் டூ-நத்திங்-ஆன்-குளோஸ் வைத்துவிட்டு, விண்டோவில் நடப்பதைக் கவனிக்கும் விண்டோ அடாப்டரில் விண்டோ-குளோசிங் மெத்தடை நீங்களே எழுதுங்கள். 'சேமிக்கவா?' என்று ஜேஆப்ஷன்பேனில் (கேள்வி கேட்கும் சின்ன விண்டோ) கேளுங்கள். 'ஆம்' என்றால் ஃபைலை எழுதி மூடிவிட்டு டிஸ்போஸ் (விண்டோவை ஒளிக்காமல் அடியோடு நீக்கும் மெத்தட்), 'வேண்டாம்' என்றால் நேராக டிஸ்போஸ், 'கேன்சல்' என்றால் சும்மா ரிட்டர்ன். பலர் இந்த மெத்தடை ஒழுங்காக எழுதிவிட்டு டிஃபால்ட்டை மாற்ற மறந்துவிடுவார்கள். அப்புறம் கேன்சல் அழுத்தினாலும் விண்டோ மறைந்துவிடும். மெத்தட் முடிந்த கையோடு டிஃபால்ட் வேலையும் நடப்பதுதான் காரணம்.

டிஸ்போஸ் செய்தும் பிராம்ப்ட் வரவில்லையா? கடைசி விண்டோ போனபின், டீமன் (பின்னணியில் ஓடும், யாரும் காத்திருக்கத் தேவையில்லாத த்ரெட்) அல்லாத த்ரெட் ஒன்று மிச்சமிருந்தாலும், புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் அதற்காகக் காத்திருக்கும். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஓடுகிற ஜாவா புரோகிராம்களைக் காட்டும் ஜேபிஎஸ் கட்டளையை அடியுங்கள். உங்கள் கிளாஸ் பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் வரும். அந்த எண்ணை ஜேஸ்டாக் என்ற கட்டளைக்குக் கொடுத்தால் த்ரெட்கள் எல்லாம் வரிசையாக வரும். அதில் 'டீமன்' என்ற சொல் இல்லாத வரிகளை மட்டும் பாருங்கள். 'டைமர்-0' என்று இருந்தால் ஜாவா யூட்டில் டைமர்தான் பிடித்துவைத்திருக்கிறது, மூடும்போது அந்த டைமரின் கேன்சல் மெத்தடை அழையுங்கள். 'பூல்-1-த்ரெட்-1' என்றால் எக்சிகியூட்டர் (த்ரெட்களை வைத்து வேலை வாங்குவது), அதற்கு ஷட்டவுன் மெத்தட். 'டெஸ்ட்ராய்ஜாவாவிஎம்' என்றும் ஒன்று தெரியும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மெயின் மெத்தட் முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

ஏற்கெனவே நிற்கிற ஐந்தையும் எண்ட் டாஸ்க் கொடுத்து முடித்துவிட்டு, புதிதாக ஓட்டிப் பாருங்கள். எக்லிப்ஸ் போன்ற எடிட்டர்களும் ஜாவாவில்தான் ஓடுகின்றன, அதையும் சேர்த்து மூடிவிடாதீர்கள்.