நாலு மணி அலாரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கணவர் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடமாகிறது. தண்டுவடத்தில் அடி, மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து, படுக்கைப்புண் வராமலிருக்க அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் அவரிடம் கத்திவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கொழுந்தனார் பக்கத்து புளோக்கில்தான் இருக்கிறார்; "எனக்குப் பயமா இருக்கு அண்ணி" என்று ஒதுங்கிக்கொள்கிறார். எனக்குப் பாசம் போய்விட்டதா?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

பாசம் போயிருந்தால் அலாரம் வைத்திருக்க மாட்டீர்கள். மூன்று வருடமாக ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்காத யாரும் கத்தத்தான் செய்வார்கள்.

என் அத்தானுக்குக் கழுத்தில் அடி. எட்டு வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டாள். நான் எப்போதாவது பழம் வாங்கிக்கொண்டு போவேன், அத்தான் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவருக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி. முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. நான் பனடோல் மாத்திரை தேடினேன். அக்கா அவரை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, நேராகச் சிறுநீர்க் குழாயைப் பார்த்தாள். மடங்கிக் கிடந்தது. சரிசெய்ததும் அடங்கிவிட்டது. நடுமார்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தாலோ மலம் இறுகினாலோ ரத்த அழுத்தம் இப்படி எகிறும், கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் அக்கா. தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போவதைக்கூட அவள் நிறுத்தியது அதனால்தான். "கொஞ்சம் வெளியே போய்ட்டு வாயேன்" என்று சொன்ன நாங்கள், யாரை நம்பிப் போவாள் என்று யோசிக்கவில்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

உங்களுக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். கொழுந்தனாரின் பயம் செய்து பார்த்தால்தான் போகும். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டால் குடும்பத்தினருக்கான பயிற்சிக்கு வழிகாட்டுவார்கள், மானியமும் உண்டு. வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான மாதாந்தர மானியம் 2019இல் 200 வெள்ளியாக இருந்தது. 2023இல் 400 வரை உயர்த்தினார்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். அந்தப் பணத்தில் மாதத்தில் சில நாளாவது ஒரு பராமரிப்பு ஊழியரை வரவழைக்கலாம். காற்று மெத்தை போட்டால் திருப்பும் இடைவெளியைக் கூட்டலாமா என்றும் தாதியிடம் கேளுங்கள். அவருடைய தோலைப் பார்த்து அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது கோபத்தில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். அத்தான் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன் மாப்ளே. அவளை எழுப்பணுமேன்னு இருக்கும்." அக்காவிடம் அதை அவர் சொன்னதே இல்லை. நீங்கள் இருவரும் பேசிவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை கொழுந்தனாரை உங்கள் வீட்டிலேயே படுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு நீங்கள் திருப்பும்போது அவர் பக்கத்தில் நிற்கட்டும். நாலு மணிக்கு அவர் திருப்பட்டும், நீங்கள் பாருங்கள். எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.