கடனை முடித்த பிறகும் சிபில் அறிக்கையில் பாக்கி காட்டினால் எப்படி எழுதுவது?

இருசக்கர வாகனக் கடனைக் கட்டி முடித்து என்ஓசி (பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் சான்று) வாங்கிய பிறகும், நம் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் பாக்கி காட்டுகிறது, யாருக்கு எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலில் நானும் அகப்பட்டேன். என்ஓசி கைக்கு வந்து எட்டு மாதங்கள் கழித்து வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது, பழைய வண்டிக் கடனில் 1,180 ரூபாய் நிற்பதாகச் சொல்லி மனுவை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நான் சிபிலுக்கு முதலில் எழுதிய கடிதத்தில் நடந்த கதை முழுவதும் இருந்தது. ஆனால் எந்தப் பதிவைத் திருத்த வேண்டும் என்பது இல்லை. இரண்டாவது கடிதத்தில் அறிக்கையின் கன்ட்ரோல் எண்ணையும் (அந்த அறிக்கையை அடையாளம் காட்டும் எண்) கடன் கணக்கு எண்ணையும் மேலே எழுதி, 'நடப்பு நிலுவை என்ற கட்டத்தில் 1,180 என்று உள்ளது, 0 என்று இருக்க வேண்டும். கணக்கு முடிந்த தேதி காலியாக உள்ளது, என்ஓசியில் உள்ள தேதி அங்கே வர வேண்டும்' என்று மட்டும் எழுதி, என்ஓசியையும் கடைசித் தவணை போன வங்கிக் கணக்கின் பக்கத்தையும் இணைத்தேன்.

கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் சிபில் போன்ற நிறுவனம் தானாக எதையும் மாற்ற முடியாது. ஆகையால் அதே கடிதத்தை அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அனுப்பி, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். புகார் 30 நாட்களுக்குள் தீர வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு உள்ள அவகாசம் 21 நாட்கள். 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதன் பிறகும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியே முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். குறைந்த தொகைக்குப் பேசி முடித்திருந்தால் 'செட்டில்டு' என்று வருவது பிழையன்று. அதை நீக்கித் தருவதாகப் பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள்.

சிபிலைப் போலவே கடன் விவரங்களைத் திரட்டும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன, அவற்றையும் பாருங்கள். திருத்தம் முடிந்ததாகத் தகவல் வந்ததும் புதிய அறிக்கையை எடுத்து, மாதவாரியாகத் தாமத நாட்களைக் காட்டும் கட்டங்களையும் சரிபாருங்கள். எனக்கு நிலுவை 0 ஆன பிறகும் அந்தக் கட்டங்களில் பழைய எண்களே இருந்தன. அவற்றுக்காக மீண்டும் ஒரு முறை எழுத வேண்டியிருந்தது.