உங்கள் வேலைக்குள் எத்தனை வேலை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணக்குப் பிரிவில் 12 வருடமாக இருக்கிறேன். ஏஐ வந்தால் முதலில் காலியாவது நாங்கள்தான் என்கிறார்கள். வேறு துறைக்குத் தாவிவிடலாமா?

பதில்: ஒரு வாரம் பொறுங்கள். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரத்திடம் போகும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2016-இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடிக்காக நடந்த ஆய்வு அதே நாட்டுக்குச் சொன்ன எண் வெறும் 9 சதவீதம். முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுசாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர் நாள் முழுக்கச் செய்யும் பணிகளைப் பிரித்து எண்ணியது. எண் இவ்வளவு இறங்கியதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

நீங்களும் பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம், அரைமணிக்கு ஒரு வரி என்று செய்த பணியைக் குறித்து வையுங்கள். இன்வாய்ஸ் பதிவது, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்ப்பது போன்றவை மென்பொருளுக்குப் போகும். பல இடங்களில் போய்விட்டன. ஆனால் ஒரே பில் எண் இரண்டு முறை வந்திருக்கிறது, தொகையில் சின்ன வித்தியாசம். திருத்திய பில்லா, தில்லுமுல்லா? சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்டு, பணத்தை நிறுத்திவைத்து, அதற்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் வேண்டும். வாரத்தில் பாதிக்கு மேல் முதல் வகை என்றால், துறை மாறுவதற்கு முன் அதே அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிப்பு, தணிக்கைக் கேள்விகள் பக்கம் நகரக் கேளுங்கள். உங்கள் 12 வருடத்துக்கு அங்கேதான் மதிப்பு.

ஏஐ கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதனிடம் கூட்டல் கொடுக்காதீர்கள். சாட்பாட் எழுதித் தரும் கூட்டுத்தொகை பார்க்கச் சரியாகவே இருக்கும், ஆனால் தப்பாக இருக்கலாம். கூட்டலை ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். ஏஐ பதிந்து தந்த பட்டியலில் 20 வரியைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, மூல பில்லோடு ஒப்பிடுங்கள். இரண்டு வரி பிசகினாலே முழுப் பட்டியலையும் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: 60 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓர் அழைப்பு இல்லை. ரெஸ்யூமேயை மென்பொருளே நிராகரித்துவிடுகிறதாமே?

பதில்: பாதி உண்மை. மென்பொருள் பெரும்பாலும் தானாகத் தூக்கி எறிவது, படிவத்தில் கேட்கும் ஆம்–இல்லை கேள்விகளால்தான்: பணி அனுமதி உண்டா, குறைந்தபட்ச அனுபவம் உண்டா. அவசரத்தில் ஒன்றைத் தப்பாகத் தட்டினால் கதை முடிந்தது. மற்றபடி ரெஸ்யூமே உள்ளேதான் கிடக்கும், ஹெச்.ஆர். தேடும்போது அகப்படாது.

ஒரு சோதனை. பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். எதுவுமே ஒட்டவில்லையா? உங்கள் ரெஸ்யூமே ஒரு படம். மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரித்து வடிவமைத்திருந்தால் நிறுவனத்தின் பெயரும் திறன் பட்டியலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கலாம். தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்பகுதியில் (ஹெட்டர்) வைத்தால் சில மென்பொருள்கள் அதைப் படிப்பதே இல்லை. இடம் வலமாகப் பிரிக்காத பக்கம், மாதமும் வருடமும் சேர்ந்த தேதிகள், விளம்பரத்தில் இருக்கிற அதே சொற்கள் (உண்மையில் தெரிந்தவற்றுக்கு மட்டும்) போதும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைக்கும் வித்தை வேண்டாம். மென்பொருள் பிரித்துக் காட்டும்போது அவை கறுப்பாகவே தெரியும், ஹெச்.ஆர். சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

கேள்வி: சம்பள வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் போகிறேன். மாதச் சம்பளத்தை 22-ஆல் வகுத்து நாள் கட்டணம் வைக்கலாமா?

பதில்: வைத்தால் வருடக் கடைசியில் கடன்தான் மிஞ்சும். வருடத்துக்கு 260 வேலைநாள். பொது விடுமுறை 10, சொந்த விடுப்பு 15, உடம்புக்கு முடியாத நாள் 10 என்று கழித்தால் 225. ஆள் பிடிப்பது, கொட்டேஷன் போடுவது, பணத்துக்கு நடையாய் நடப்பது என்று இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். காசாகிற நாள் 140 தேறினால் நல்லது. ஆண்டுச் சம்பளம் 100 என்று வையுங்கள். முதலாளி கட்டிவந்த காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, கணினி, மென்பொருள் ஆகியவற்றுக்கு இன்னொரு 30. ஆக 130-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் கணக்கில் (100-ஐ 12 × 22, அதாவது 264-ஆல் வகுத்து) வருவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. 140, 30 இரண்டும் என் உத்தேசம். உங்கள் தொழிலுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி விட்டுப்போகக் கூடாது: முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், முழுப்பணம் வந்த பிறகே செய்த வேலையின் உரிமை கைமாறும் என்பது. நடுவில் உள்ளது இல்லாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: செயலி வழியாக வண்டி ஓட்டுகிறேன். ‘நீங்கள் ஊழியர் அல்ல, பங்குதாரர்’ என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: தாளில் எழுதிய பெயர் முடிவல்ல. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றே தீர்த்தது. கட்டணத்தையும் நிபந்தனைகளையும் நிறுவனமே நிர்ணயிக்கிறது, சவாரிகளை மறுத்தால் தண்டிக்கிறது, பயணிகளின் மதிப்பெண்ணை வைத்து ஆளைக் கட்டுப்படுத்துகிறது, பயணியோடு நேரடித் தொடர்புக்கு வழிவிடுவதில்லை என்பவை காரணங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்றாலும், கட்டுப்பாடு யார் கையில் என்பதைப் பெரும்பாலான இடங்களில் பார்க்கிறார்கள். ஆகவே செயலி திறந்த நேரம், சவாரி விவரம், கழித்த தொகை, எச்சரிக்கைச் செய்தி எல்லாவற்றையும் வாராவாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தச் செயலிக்கு வெளியே வையுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் உள்ளே போய் எடுக்க முடியாது.