பெயிண்டையும் ஹவரையும் பார்த்து விஎம்சிக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க

கேள்வி: கோவை கணபதியில சின்னதா ஜாப் வொர்க் ஷாப் வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட் விஎம்சி (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல இரும்பு வெட்டற மில்லிங் மெஷின்), 2012 மாடல், ஃபானுக் கம்பெனி கன்ட்ரோல், 9 லட்சம்னு ஒரு புரோக்கர் காட்டினார். கட்டிங் ஹவர் (மெஷின் இதுவரை வெட்டின நேரம்) 4,000 தான் இருக்கு, பெயிண்ட் எல்லாம் பளிச்சுனு இருக்கு. நாளைக்குள்ள அட்வான்ஸ் போடணும்ங்கறார். போடலாமா?

பதில்: போடாதீங்க, நாளைக்கு கண்டிப்பா வேண்டாம். மெஷின் பழசுங்கறது ஒரு குறையே இல்லீங்க, நல்லா வச்சிருந்தா இன்னும் பல வருஷம் ஓடும். ஆனா அந்த 4,000 ஹவரை மறந்துடுங்க, அது கன்ட்ரோலுக்குள்ள இருக்கற ஒரு பாராமீட்டர், அதாவது ஒரு செட்டிங் நம்பர் தான், தெரிஞ்ச ஆள் ரெண்டு நிமிஷத்துல மாத்திடுவான். கணக்கு போட்டாலே தெரியும், இத்தனை வருஷத்துல 4,000 மணி நேரம்னா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூட ஒழுங்கா வெட்டல, ஈஎம்ஐ கட்டற எந்த ஓனராவது மெஷினை அப்படி சும்மா வச்சிருப்பாரா?

நீங்க பார்க்க வேண்டியது பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது வர்ற ஆட்டம். டேபிளை நகர்த்தற பால் ஸ்க்ரூ தேஞ்சு போனா திசை மாறும்போது டேபிள் கொஞ்சம் நின்னு தான் நகரும். புரோக்கரோட மெக்கானிக் இதை ரிப்பேர் பண்ண மாட்டான், 1851, 1852ன்னு ரெண்டு பாராமீட்டர்ல நம்பரைப் போட்டு மறைச்சிடுவான். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க, பெரும்பாலும் 1ன்னா ஒரு மைக்ரான், அங்க 80ன்னு இருந்தா 0.08 மில்லிமீட்டர் தேய்மானம். அப்புறம் ஸ்பிண்டில்ல (டூலைச் சுத்தற தண்டுல) மேக்னெட் ஸ்டாண்ட் மாட்டி, டேபிள்ல ஒரு பிளாக் வச்சு, அளக்கற டயல் கேஜைத் தொட வச்சு, ஹேண்ட்வீல்ல ஒவ்வொரு க்ளிக்கா முன்னாடி போய்ட்டு திருப்புங்க, முள் எத்தனை க்ளிக் கழிச்சு நகருதுன்னு எண்ணுங்க. இதை டேபிள் நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் செய்யணும், ஏன்னா பீஸைப் பிடிக்கற வைஸ் எப்பவும் நடுவுல தான் இருக்கும், தேய்மானமும் அங்க தான். நடுவுல ஒரு அளவும் ஓரத்துல வேற அளவும் வந்தா எந்த நம்பர் போட்டாலும் சரியாகாது, ஸ்க்ரூ மாத்தணும், அந்த செலவை 9 லட்சத்துல கழிச்சுத் தான் பேசணும்.

ஸ்பிண்டிலுக்கு ஒண்ணே ஒண்ணு. நீங்க போகறதுக்கு முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சிருப்பாங்க. ராத்திரி ஆஃப்ல இருக்கணும்னு சொல்லிட்டு காலையில போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணி, அரை மணி நேரம் வேகமா சுத்த விட்டு சத்தத்தைக் கேளுங்க.

கரண்டே இல்லாத மெஷினை வாங்கவே கூடாதுன்னு தான் எல்லாருக்கும் சொல்வேன். மூடிப்போன கம்பெனியா இருந்து ஈபி லைனைக் கட் பண்ணிட்டாங்கன்னா மட்டும் வேற வழியில்ல. அப்பவும் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, ஓனர் மாட்டேன்னா அதுல ஓட்டின ஆபரேட்டரைத் தேடிப் பிடிங்க, அவர் இன்னும் அந்த ஏரியாவுலயே தான் வேலை பார்ப்பார், ஒரு டீ வாங்கிக் குடுத்தா எந்த ஆக்ஸிஸ்ல (எந்தப் பக்கம் நகரும்போது) கோளாறு அலாரம் வரும்னு சொல்லிடுவார். அவரும் கிடைக்கலைன்னா அந்த மெஷினை விட்டுடுங்க.

ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க, கட்டின வரியைக் கழிச்சுக்கற இன்புட் கிரெடிட் போயிடும். மெஷின் மேல பேங்க் லோன் இருந்தா பேங்க்கோட என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர்) கையில வாங்கணும், "அப்புறம் தரேன்"ங்கறது ஆகாது. லோனுக்கு நீங்க போனா மெஷினுக்கு மதிப்பு போடற வேல்யூவர் வருவார், பேனல் கதவைக் கூட திறக்க மாட்டார், நேம் பிளேட்டை போட்டோ எடுத்துட்டு சர்டிபிகேட் எழுதிடுவார், அதுக்கு ஃபீஸும் நாம தான் கட்டணும், அதை நம்பி மெஷின் எடுக்காதீங்க. உங்க கரண்ட் கனெக்ஷன் 3ஏ1னா (குடிசை, குறுந்தொழிலுக்கான கட்டணப் பிரிவு), இந்த மெஷின் லோடும் சேர்ந்து 12 கிலோவாட் தாண்டினதும் 3பி டாரிஃப்புக்குப் போயிடும், லோடு ஏத்தறதுக்கு ஈபி ஆபீஸ்ல எவ்வளவு அலைய விடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், அதனால அந்த அப்ளிகேஷனை முதல்ல போடுங்க.

எல்லாம் சரியா இருந்தா, லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி பாராமீட்டர், லேடர் (மெஷினை இயக்கற உள் புரோகிராம்) எல்லாத்தையும் மெமரி கார்டுல காப்பி எடுத்துட்டு, மெஷின் ஆன்ல இருக்கும்போதே மெமரியைக் காக்கற பேட்டரிகளை மாத்தச் சொல்லுங்க. பேட்டரி வழியில செத்துட்டா மெமரி காலி, புரோக்கர் ஃபோனை எடுக்க மாட்டார்.