பிளேடா, கேவிட்டி பேக்கா? வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பதினாறு வயதில் நந்தனம் கோல்ஃப் கோர்ஸில் கேடியாக, ஆடுபவர்களின் பையைத் தூக்கத் தொடங்கினேன். இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டு மொட்டைமாடிதான் என் பட்டறை. மட்டையின் கிரிப் (கைப்பிடி) மாற்றுவது, ஷாஃப்ட் (தண்டு) போடுவது, லை ஆங்கிள் (தலைக்கும் தண்டுக்கும் உள்ள கோணம்) வளைத்துக் கொடுப்பது எல்லாம் அங்கேயே நடக்கிறது. அயர்ன் (இரும்புத் தலை வைத்த கோல்ஃப் மட்டை) பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் நம் பகுதி நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிளேடு வாங்கலாமா, கேவிட்டி பேக் வாங்கலாமா என்பதுதான். தலையின் பின்பக்கம் வழவழவென்று இருக்கும் அயர்ன் பிளேடு, பின்பக்கம் குடைந்தது கேவிட்டி பேக். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணே, ஆட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கூட ஆடும் நண்பர் தன் பிளேடு செட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. வாங்கிவிடலாமா? (திருவொற்றியூர்)

வேண்டாம் தம்பி. அழகு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். மெல்லிய மேல்விளிம்பு, சின்னத் தலை, பின்பக்கம் வழவழவென்று ஒரே இரும்பு. நல்ல பிளேடைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் அது பிழை பொறுக்காது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு கம்பின் இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டு, காவடி மாதிரித் தோளில் வைத்துக்கொள். யாராவது வந்து ஒரு முனையைத் தட்டினால் கம்பு லேசில் சுழலாது. அதே இரண்டு குடத்தையும் கம்பின் நடுவில் சேர்த்துக் கட்டிவிட்டு முனையைத் தட்டச் சொல். வெடுக்கென்று சுழன்றுவிடும். பிளேடில் எடை நடுவில் திரண்டு நிற்கிறது. கேவிட்டி பேக்கில் பின்பக்கத்தைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் தள்ளியிருக்கிறார்கள். பந்து ஃபேஸின் (பந்தை அடிக்கும் முகப்பு) நடுவில் படாமல் முனைப் பக்கமாகப் பட்டால் பிளேடின் தலை கையில் திரும்பிவிடும். பந்து வலப்பக்கம் நழுவும், தூரமும் கொட்டிப்போகும். கேவிட்டி பேக்கின் தலை அவ்வளவாகத் திரும்பாது. எடை கீழே இருப்பதால் பந்தும் சுலபமாக மேலே எழும்பும்.

இன்னொன்று, ஆரம்பக்காரர்களுக்கான கேவிட்டி பேக்குகளில் ஃபேஸ், ஷாஃப்டைவிடக் கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அடிபடும் நேரத்துக்குள் ஃபேஸ் நேராக வர அது சற்று அவகாசம் தரும். புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோருக்குப் பந்து வலது பக்கம் வளைந்துதான் போகிறது. அவர்களுக்கு இது பெரிய உதவி.

நான் காசிமேடு. மாடியில் மீன்வலை கட்டி அடித்துப் பழகுகிறேன். பந்து எங்கே போகிறது என்று தெரியாது. எனக்கு எந்த அயர்ன் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பந்து போகும் வழி தெரியாததால் நீங்கள் ஃபேஸைப் பார்த்தே ஆக வேண்டும். உண்மையில் எல்லோரும் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று வாங்குங்கள். பந்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு அயர்னைப் பார்த்தபடி இருக்குமாறு பந்தை வையுங்கள். அடித்ததும் மை ஃபேஸில் ஒட்டும். அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துவிட்டு, துணியால் துடைத்து அடுத்த பந்தை அடியுங்கள். 7 அயர்னில் பத்துப் பந்து போதும். பத்தில் எட்டு, ஒரு ஐந்து ரூபாய் நாணயம் மறைக்கும் அளவுக்குள் விழுந்தால் உங்களிடம் பிளேடு பற்றிப் பேசலாம். முனைக்கும் குதிகாலுக்கும் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) இடையே சிதறிக் கிடந்தால் கேவிட்டி பேக். இது நான் வைத்திருக்கும் கணக்கு. பலருக்கு அயர்ன் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில் எனக்குப் படிந்தது. தினமும் ஒரே மாதிரி விழாது, அதனால் நாலைந்து நாள் செய்து பாருங்கள். களைப்பாக இருக்கும் நாளிலும் செய்யுங்கள், ஏனென்றால் ஆட்டம் முடியப்போகும் பதினாறாவது ஹோலில் (குழியில்) அந்தக் களைத்த உடம்போடுதான் ஆடப்போகிறீர்கள்.

அப்புறம் வலை விஷயம். கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தபட்சம் 42.67 மில்லிமீட்டர். உங்கள் வலையின் கண் அதைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி முகத்துக்கே வரும். தொய்வாகத் தொங்கவிட்டு, பின்னால் இன்னொரு வலை கட்டுங்கள். நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு இடைவெளியே கிடையாது, ஒரு பந்து தப்பினாலும் யார் தலையிலாவது விழும்.

சார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், வயது 63. முன்பு போன தூரம் இப்போது போகவில்லை. (பெரம்பூர்)

ஐயா, உங்களுக்குப் பிளேடா என்ற கேள்வியே வேண்டாம். அடிப்பாகம் அகலமான கேவிட்டி பேக் எடுங்கள், கிராஃபைட் ஷாஃப்டோடு. அயர்னுக்குப் போடும் ஸ்டீல் ஷாஃப்டுகளில் நிறைய 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட்டில் 60, 70 கிராமிலேயே கிடைக்கும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். 4, 5 அயர்ன்களை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஹைப்ரிட் (அடிக்கச் சுலபமான, தடித்த தலை மட்டை) வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தரை இளகிக் கிடக்கும்போது, மெல்லிய அடிப்பாகம் மண்ணில் குத்தி நின்றுவிடும். அகலமானது வழுக்கிக்கொண்டு போகும்.

என் கேவிட்டி பேக் 7 அயர்ன் 150 கஜம் போகிறது. நண்பரின் பிளேடு 7 அயர்னில் அடித்தால் 135தான். அப்படியென்றால் கேவிட்டி பேக்குக்குத்தானே சக்தி அதிகம்? (கொளத்தூர்)

அதில் பெரும்பங்கு லாஃப்ட், அதாவது ஃபேஸின் சாய்வு, செய்யும் வேலை. சாய்வு குறைந்தால் பந்து தூரம் போகும். இரண்டின் அடியிலும் 7 என்றுதான் பொறித்திருக்கும். ஆனால் பிளேடு 7 அயர்னின் ஃபேஸ் 34, 35 டிகிரி சாய்ந்திருக்கும், இன்றைய ஆரம்பக்காரர் கேவிட்டி பேக்கில் அதே எண்ணுக்கு 28 முதல் 30 டிகிரி வரைதான். அதாவது உங்கள் கையில் இருப்பது பழைய கணக்கில் 6 அயர்ன், சிலதில் 5 அயர்னே. எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். பந்து போதிய உயரம் போய் கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை) நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. இந்த செட்களில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியில் முடிந்துவிடும் (வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்கான, அதிகம் சாய்ந்த அயர்ன்). உங்கள் சேண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 12 டிகிரி பள்ளம். எண்பது, நூறு கஜத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல் தவிப்பீர்கள். 49 அல்லது 50 டிகிரியில் ஒரு கேப் வெட்ஜ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காய்ச்சி அடித்த இரும்புதான் உசத்தி, வார்த்தது மட்டம் என்கிறார்களே, உண்மையா? (ராயபுரம்)

இரும்போடு பழகியவர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளேடுகள் பெரும்பாலும் மென்மையான கார்பன் ஸ்டீலைக் காய்ச்சி அடித்துச் செய்தவை. அதனால் ‘அடித்தது என்றால் பிளேடு, வார்த்தது என்றால் கேவிட்டி பேக்’ என்று மனதில் பதிந்துவிட்டது. இன்று அடித்துச் செய்த கேவிட்டி பேக்குகள் நிறைய இருக்கின்றன.

கேவிட்டி பேக்கைப் பரவலாக்கியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். 1959இல் தன் வீட்டு கராஜில் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை) செய்யத் தொடங்கினார். இரண்டு முனைகளிலும் எடை வைத்த பட்டர் அது. அடிக்கும்போது வந்த சத்தத்தையே ‘பிங்’ என்று பெயராக வைத்தார். அதே யோசனையைப் பிறகு அயர்னுக்குக் கொண்டுபோனார். 1982இல் வந்த பிங் ஐ-2 வார்ப்பு அயர்ன்தான், உலகம் முழுக்க ஆடினார்கள். அந்த வார்ப்பு முறை நமக்குப் புதிதும் இல்லை. மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே அடிப்படையில்தான். அதை மட்டம் என்று எப்படிச் சொல்வது?

நடைமுறையில் ஒரு வித்தியாசம் உண்டு. அடித்த கார்பன் ஸ்டீலில் லை ஆங்கிளை ஓரிரு டிகிரி வளைப்பது சுலபம். 17-4 என்ற வகை ஸ்டெயின்லெஸ் வார்ப்பு முரடு பிடிக்கும், பார்த்துத்தான் வளைக்க வேண்டும்.

எண்ணூரில் கடலோரமாக வீடு. நல்ல பிளேடு செட், ஒரு வருடத்தில் துரு ஏறிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை சார். உள்ளே இருப்பது கார்பன் ஸ்டீல், மேலே குரோம் பூச்சு. பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புக்காற்று வேலையைக் காட்டும். ஆடி முடித்ததும் ஈரமாக உறைக்குள் போடாதீர்கள், கார் டிக்கியில் விடாதீர்கள். துடைத்துக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு லேசாகப் பூசுங்கள். ஆடுவதற்கு முன்னால் ஃபேஸைத் துடைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் கேவிட்டி பேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பிளேடில் பழகினால்தான் ஸ்விங் (மட்டையைச் சுழற்றும் விதம்) ஒழுங்காக வரும் என்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா அண்ணா? (வண்ணாரப்பேட்டை)

இந்தப் பேச்சை நானும் முப்பது வருடமாகக் கேட்கிறேன் தங்கச்சி, எனக்கு உடன்பாடு கிடையாது. நடுவில் படவில்லை என்பதைப் பிளேடு கையில் சுரீரென்று சொல்லும், அது உண்மை. ஆனால் என்ன தப்பு, எப்படித் திருத்துவது என்று சொல்லாது. குழந்தை வலிக்குப் பயந்து கையை இறுக்கிக்கொள்ளும், அங்கேயே ஸ்விங் கெட்டுப்போகும். பல வருடங்களுக்கு முன் நான் பை தூக்கிய ஒருவர் தன் பையனுக்குப் பெரியவர்கள் ஆடும் கனமான பிளேடைக் கொடுத்தார். ஆறே மாதத்தில் முழங்கை வலி என்று அந்தப் பிள்ளை ஆட்டத்தையே விட்டுவிட்டான். அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அவள் உயரத்துக்கேற்ற நீளம், லேசான ஷாஃப்ட், கேவிட்டி பேக். மேலே சொன்ன மார்க்கர் பொட்டு பிளேடு சொல்வதை வலிக்காமல் சொல்லும்.

ஹேண்டிகேப் 6. டைகர் உட்ஸ் பிளேடில்தானே ஆடுகிறார்? நானும் மாறலாமா? (மாதவரம்)

ஹேண்டிகேப் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது. 6 வைத்திருக்கும் நீங்கள் மாறலாம், ஆனால் முழு செட்டும் வேண்டாம். டைகர் பிளேடுக்காரர்தான். ஆனால் இன்று தொழில்முறையாக ஆடுபவர்களில் எத்தனையோ பேர் கேவிட்டி பேக்கில்தான் ஆடுகிறார்கள். இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்களும் உண்டு. நீங்களும் 8, 9, பிட்சிங் வெட்ஜில் பிளேடு, 7லும் அதைவிட நீளமான அயர்ன்களிலும் (6, 5, 4) சின்னத் தலை கேவிட்டி பேக் என்று வையுங்கள். குட்டை அயர்னில் உயரத்தையும் வளைவையும் கைக்குள் வைத்திருக்கலாம், நெட்டை அயர்னில் உதவி கிடைக்கும். வாங்குவதற்கு முன் இரண்டின் லாஃப்டையும் அளந்து பாருங்கள். சேரும் இடத்தில் 4, 5 டிகிரிக்கு மேல் இடைவெளி விழுந்தால் வளைத்துச் சரிசெய்ய வேண்டும்.

அண்ணே, நான் வியாசர்பாடி. ஃபுட்பால் ஆடுவேன். சனி, ஞாயிறு கேடி வேலைக்குப் போகிறேன். நம்மைப் போன்ற பசங்களால் இதை ஆட முடியுமா? செட் விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

முடியும் தம்பி. அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991இல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்றார், அதை வென்ற முதல் இந்திய தொழில்முறை வீரர். 1993இல் மறுபடியும் வென்றார். 2009இல் அதே கோப்பையை வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாகத் தொடங்கியவர்.

பையில் பதினான்கு கிளப் (மட்டை) என்பது அதிகபட்சம் மட்டுமே. அதற்குக் குறைவாக எத்தனை வைத்தும் ஆடலாம். உனக்கு 5, 7, 9, ஒரு சேண்ட் வெட்ஜ், ஒரு பட்டர் போதும். எல்லாம் பழையதாக, கேவிட்டி பேக்காக இருக்கட்டும். பழையது வாங்கும்போது ஃபேஸின் கோடுகள் மழுங்கியிருக்கிறதா, தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார். புதுசு போல மின்னும் பெரிய பிராண்ட் செட் நம்பமுடியாத விலைக்கு வந்தால் தொடாதே, போலி நிறைய சுற்றுகிறது.

7 அயர்னை மட்டும் வெளியே தேடாதே. என்னிடம் ஒரு பழைய கேவிட்டி பேக் இருக்கிறது, நேற்றுதான் புது கிரிப் போட்டேன். ஞாயிறு வேலை முடிந்து வரும்போது வீட்டுக்கு வா, மார்க்கரும் வலையும் மாடியிலேயே இருக்கின்றன.